சஞ்சார் சாத்தி: பட்டியல் நன்று, பூட்டு இல்லை

ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி இணையதளத்தையும், 2025 ஜனவரியில் அதையொட்டி வெளிவந்த செயலியையும் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன். நம்முடைய கைபேசி எண்ணுக்கு வேறொருவர் டூப்ளிகேட் சிம் வாங்கி, அதன் வழியாக நம் வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் கைப்பற்றுவதை இந்தச் சேவை தடுக்குமா? அரசு விளம்பரங்களும் வங்கிகள் அனுப்பும் எச்சரிக்கைகளும் இச்சேவையை எல்லா வகை மோசடிக்கும் மருந்தாகச் சொல்லி வருவதால், இந்தக் கேள்வியைத் தனியே பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. நான் கண்ட விடை இது: சஞ்சார் சாத்தி ஒவ்வொருவரும் பயன்படுத்த வேண்டிய நல்ல சேவை. ஆனால் சிம் மாற்று மோசடியை அது தடுப்பதில்லை, நடந்தால் நமக்குச் சொல்வதும் இல்லை.

இந்த மோசடி எப்படி நடக்கிறது என்பது தெரிந்தால்தான் சேவையின் பலமும் பலவீனமும் புரியும். மோசடிக்காரர் முதலில் நம் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், வங்கி விவரம் ஆகியவற்றைப் போலி இணைப்புகள் மூலமோ, கசிந்த தரவுகளிலிருந்தோ, கஸ்டமர் கேர் அலுவலர் போலப் பேசியோ திரட்டுகிறார். பிறகு சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லி, போலி அடையாள அட்டையுடன் ஒரு சிம் விற்பனைக் கடைக்குச் செல்கிறார். கடை ஊழியரே உடந்தையாக இருக்கும் சம்பவங்களும் உண்டு. புதிய சிம் உயிர்பெறும் கணத்தில் நம் கையில் இருக்கும் சிம் செத்துவிடுகிறது. அதன்பின் நம் எண்ணுக்கு வரும் அழைப்புகளும், கீழே சொல்லும் 24 மணி நேரத் தடை முடிந்ததும் ஓடிபிகளும், அவருக்குச் சென்று சேர்கின்றன. கடைக்கே போகாமலும் இதைச் செய்யலாம். சிம் அட்டையை மேம்படுத்தித் தருவதாகக் கூறி ஒரு 20 இலக்க எண்ணைத் தொலைபேசி நிறுவனத்துக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்வது பழைய வழி. அந்த எண் மோசடிக்காரர் கையில் வைத்திருக்கும் வெற்று சிம்முடையது என்பது அனுப்புகிறவருக்குத் தெரியாது. இப்போது அதே தந்திரம், அட்டை இல்லாமல் கருவிக்குள்ளேயே பதியும் இ-சிம்முக்கு மாறியிருக்கிறது: இ-சிம் மாற்றத்துக்கான கோரிக்கையை மோசடிக்காரர் தொடங்கிவிட்டு, நமக்கு வரும் உறுதிப்படுத்தல் செய்திக்கு ‘சரி’ என்று பதில் அனுப்ப வைக்கிறார். இதில் அட்டை கைமாற வேண்டியதே இல்லை.

இனி சேவைக்கு வருகிறேன். சஞ்சார் சாத்தியில் மிகவும் பயனுள்ள பகுதி, நம் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று காட்டும் பகுதி. கைபேசி எண்ணை இட்டு, அதற்கு வரும் ஓடிபியைத் தந்தால், நம் அடையாள ஆவணத்தின் பேரில் எல்லா நிறுவனங்களும் வழங்கியிருக்கும் எண்களின் பட்டியல் வந்துவிடுகிறது. கட்டணம் இல்லை, படிவம் இல்லை. ஒருவர் அதிகபட்சம் 9 இணைப்புகள் வைத்திருக்கலாம் என்பது விதி. ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் மட்டும் இது 6. பட்டியலில் நமக்குத் தெரியாத எண் இருந்தால் ‘என்னுடைய எண் அல்ல’ என்று குறித்துப் புகார் செய்யலாம். நாமே வாங்கிப் பயன்படுத்தாமல் விட்டதாக இருந்தால் ‘தேவையில்லை’ என்று குறித்துத் துண்டிக்கச் சொல்லலாம்.

இந்த இரண்டு தெரிவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அவசரத்தில் கவனிக்காமல் விடக்கூடாது. முன்னது, என் ஆவணத்தை யாரோ தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு. பின்னது, இது என் எண்தான், இனி வேண்டாம் என்ற ஒப்புதல். யாரென்றே தெரியாத ஒருவர் வைத்திருக்கும் எண்ணைத் ‘தேவையில்லை’ என்று குறித்தால், அந்த எண் இதுவரை நம்முடையதாகவே இருந்தது என்று நாமே சொன்னதாகிவிடும். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் ஆள்மாறாட்டம் செய்து சிம் பெறுவதை 3 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றமாக வைத்திருக்கிறது. வரம்புக்கு மேல் இணைப்பு வைத்திருப்பதற்கும் தண்டத்தொகை உண்டு. ஆகவே நம் பெயரில் இருக்கும் ஓர் அறியாத எண்ணுக்கு உரிய பதில் எது என்பது சட்டப் பொருளும் உள்ள கேள்வி. திரையில் இந்த வேறுபாட்டை இரண்டு வரிகளில் விளக்கி வைத்திருக்கலாம். இந்தச் சேவையை முதல்முறை திறக்கும் முதியவர்களுக்கு அது பேருதவியாக இருக்கும்.

உண்மையிலேயே நம்முடையதாக இருந்த பழைய எண்ணைத் துண்டிப்பதற்கு முன்பும் ஒரு வேலை இருக்கிறது. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாட்களுக்குப் பிறகு நிறுவனம் வேறொருவருக்கு வழங்கலாம். அந்த எண் ஏதாவது ஒரு வங்கிக் கணக்கிலோ, ஆதாரிலோ, மின்னஞ்சலின் மீட்பு எண்ணாகவோ இன்னமும் பதிந்திருந்தால், எந்த மோசடியும் செய்யாமலேயே ஓர் அந்நியர் நம் ஓடிபிகளைப் பெறத் தொடங்கிவிடுவார். எனவே முதலில் எல்லா இடத்திலும் எண்ணை மாற்றிவிட்டு, பிறகே துண்டிக்கக் கொடுக்க வேண்டும்.

இந்தப் பட்டியலை இவ்வளவு பாராட்டியபின், சிம் மாற்று மோசடிக்கு எதிராக அது ஏன் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். பட்டியல் எண்ணுவது இணைப்புகளை, அட்டைகளை அல்ல. மோசடிக்காரர் நம் பெயரில் புதிய எண் ஒன்றை வாங்கினால் பட்டியலில் ஒரு வரி கூடும், நாம் கண்டுபிடித்துவிடலாம். அவர் நம் பழைய எண்ணுக்கே புதிய அட்டை வாங்கும்போது பட்டியலில் எதுவும் மாறுவதில்லை. நேற்று இருந்த அதே எண்கள், அதே எண்ணிக்கை, அதே பெயர். பட்டியலைத் தவறாமல் பார்த்து வருகிறோம், ஆகவே நம் எண் பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிற எவரும் இதை அறிந்திருக்க வேண்டும். இன்னொன்று: இந்தச் சேவைக்குள் நுழைவதற்கான சாவியே அந்த எண்ணுக்கு வரும் ஓடிபிதான். எண் பறிபோன மனிதருக்கு, பறிபோன எண்ணைக் கொண்டு உள்ளே நுழைய வழியில்லை; அது யார் கையில் இருக்கிறதோ அவர் ஓடிபி வரத் தொடங்கியபின் நுழையலாம். கடைசியாகச் சிம் மாற்றப்பட்ட தேதியை ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே காட்டினாலே இந்தச் சேவையின் மதிப்பு பல மடங்கு உயரும். அந்தத் தகவல் நிறுவனங்களிடம் இருக்கிறது.

இரண்டாவது முக்கியப் பகுதி, தொலைந்த கைபேசியை முடக்குவது. 2019-இல் மகாராஷ்டிரம், கோவா பகுதிகளில் சோதனை முறையில் தொடங்கி, 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் விரிந்த இந்த ஏற்பாடு, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக இருக்கும் ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணை வைத்து எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் அந்தக் கருவி வேலை செய்யாதபடி தடுக்கிறது. காவல் நிலையப் புகாரின் நகல், அடையாள ஆவணம், கைபேசியின் விவரங்கள் ஆகியவை தேவை. கோரிக்கை ஏற்கப்பட்ட பின் 24 மணி நேரத்துக்குள் கருவி முடக்கப்படும் என்கிறது இணையதளம். கருவி கிடைத்துவிட்டால் முடக்கத்தை நீக்கவும் முடியும். ஐஎம்இஐ எண்ணைக் கைபேசி கையில் இருக்கும்போதே *#06# என்று அழுத்திப் பார்த்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கருவி வாங்கிய பெட்டியிலும் ரசீதிலும் அது இருக்கும் என்றாலும், தேவைப்படும் நாளில் பெட்டி கிடைப்பதில்லை.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலைக் கவனித்தேன். முடக்கக் கோரிக்கைக்கு ஓடிபி வேண்டும். அதற்காகத் தொலைந்த எண்ணுக்கு முதலில் டூப்ளிகேட் சிம் வாங்குமாறு இணையதளமே சொல்கிறது. ஆனால் மாற்றி வழங்கப்பட்ட எந்தச் சிம்மிலும் முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வேலை செய்யாது. கைபேசியைப் பறிகொடுத்தவருக்கு இது எரிச்சலூட்டும் தாமதம்தான். ஆனாலும் அந்தத் தடையை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன், ஏனென்றால் சிம் மாற்று மோசடிக்கு எதிராக இந்தியாவில் இன்றிருக்கும் ஆகச் சிறந்த தடுப்பு அதுதான். உள்வரும் குறுஞ்செய்தி இல்லாததால் வங்கியின் ஓடிபி மோசடிக்காரரிடம் போய்ச் சேராது. வெளிச்செல்லும் குறுஞ்செய்தியும் இல்லாததால், அவர் தம் கருவியில் யுபிஐ செயலியை நம் எண்ணில் பதியவும் முடியாது, ஏனெனில் யுபிஐ பதிவு அந்த எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வெளியே போவதைக் கொண்டே நடக்கிறது.

இந்த 24 மணி நேரம் நமக்குக் கிடைத்த கால அவகாசம். அதைப் பயன்படுத்தத் தெரியாவிட்டால் தடை இருந்தும் பயனில்லை. கைபேசியில் திடீரென்று சிக்னல் போய், அரை மணி நேரத்துக்கு மேலாகியும் வராமல், அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டாருக்கு மட்டும் சிக்னல் இருந்தால், அதைக் கோபுரக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. உடனே வேறொரு கைபேசியிலிருந்து நிறுவனத்தை அழைத்து, என் எண்ணுக்குச் சிம் மாற்றக் கோரிக்கை ஏதும் வந்ததா என்று கேட்க வேண்டும். 198 என்ற புகார் எண் எல்லா நிறுவனங்களுக்கும் பொது என்றாலும், எந்த நிறுவனத்தின் சிம்மிலிருந்து அழைக்கிறோமோ அந்த நிறுவனத்துக்கே அது செல்லும். ஆகையால் நம் நிறுவனத்தின் முழுமையான வாடிக்கையாளர் சேவை எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டி வைத்திருக்க வேண்டும். கைபேசிக்குள்ளேயே சேமித்து வைத்த எண் அந்த நேரத்தில் உதவும் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது.

தடையில் ஒரு முக்கியமான ஓட்டையும் இருக்கிறது. அது குறுஞ்செய்திக்கு மட்டுமே பொருந்துகிறது; குரல் அழைப்புகள் புதிய சிம்முக்கு உடனே வரத் தொடங்குகின்றன. வாட்ஸ்அப் உள்ளிட்ட பல சேவைகள் குறுஞ்செய்தி வராவிட்டால் அழைத்து எண்களைச் சொல்லும் வசதியைத் தருகின்றன. ஆகவே வங்கிக் கணக்கைத் தொட முடியாத அந்த முதல் நாளிலேயே மோசடிக்காரரால் நம் வாட்ஸ்அப் கணக்கைத் தம் கருவிக்கு மாற்றிக்கொண்டு, நம் உறவினர்களிடம் அவசரப் பணம் கேட்க முடியும். இதற்குத் தீர்வு எளிது: வாட்ஸ்அப் அமைப்புகளில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, 6 இலக்க ரகசிய எண் ஒன்றை வைத்துவிட்டால், ஓடிபி மட்டும் தெரிந்தவரால் கணக்கைத் திறக்க முடியாது. இதைச் செய்யாதவர்கள் மற்ற எதையும் படிப்பதற்கு முன் இதை முடித்துவிடுவது நல்லது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த இன்னொரு விதியும் இந்த இடத்தில் பாராட்டுக்குரியது. ஒரு நிறுவனத்தில் டூப்ளிகேட் சிம் வாங்கி, உடனே எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டால், உண்மையான உரிமையாளர் எந்த நிறுவனத்திடம் முறையிடுவது என்றே தெரியாமல் அலைவார். 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சிம் மாற்றப்பட்ட 7 நாட்களுக்குள் நிறுவனம் மாறுவதற்கான குறியீடு வழங்கப்படாது. நிறுவனம் மாற நினைக்கும் சாதாரண வாடிக்கையாளருக்கு ஒரு வாரக் காத்திருப்பு பெரிய இழப்பல்ல.

இவ்வளவு இருந்தும் மையமான ஒன்று இல்லை. என் எண்ணுக்கு நான் பூட்டுப் போடும் வசதி. நான் திறக்கும்வரை எந்தக் கடையும், எந்தக் கஸ்டமர் கேர் ஊழியரும், எந்தச் செயலியும் இந்த எண்ணுக்குப் புதிய சிம்மோ இ-சிம்மோ வழங்கக் கூடாது என்று வாடிக்கையாளரே உத்தரவிடும் பூட்டு. அமெரிக்காவில் வெரைசன், டி-மொபைல் ஆகிய நிறுவனங்கள் இத்தகைய பூட்டை வைத்திருக்கின்றன. ஏடி அண்ட் டி 2025 ஜூலையில் தன் வாடிக்கையாளர் அனைவருக்கும் திறந்தது. அங்கே அந்த அக்கறை வந்ததற்குக் காரணங்கள் இருந்தன. 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டோர்சியின் சொந்த ட்விட்டர் கணக்கே அவருடைய எண் வழியாகக் கைப்பற்றப்பட்டது. 2024 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் எக்ஸ் கணக்கு இதே சிம் மாற்று முறையில் பறிக்கப்பட்டு, பிட்காயின் நிதிகளுக்கு அனுமதி கிடைத்துவிட்டதாகப் பொய்ச் செய்தி வெளியானது. அந்தக் கணக்கில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது.

நம் நாட்டில் இது முடியாத காரியம் என்று சொல்ல இயலாது, ஏனெனில் ஆதார் ஆணையம் இதே போன்ற பூட்டைப் பல ஆண்டுகளாகக் குடிமக்களுக்குத் தந்துகொண்டிருக்கிறது. ஆதார் இணையதளத்திலோ செயலியிலோ சென்று நம் கைரேகை, கருவிழி, முகம் ஆகிய பயோமெட்ரிக் சரிபார்ப்பைப் பூட்டிவிட்டால், நாமே திறக்கும்வரை அவற்றை வைத்து யாரும் நம் பெயரில் சரிபார்ப்பு நடத்த முடியாது. சிம் கடைகளில் கைரேகை வைத்துக் கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்பைச் செய்யும் வழியை இது நேரடியாக அடைக்கிறது என்பதால், சஞ்சார் சாத்தியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் இதையும் செய்துவிடுமாறு பரிந்துரைக்கிறேன். நியாயவிலைக் கடையில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் குடும்பங்கள் மட்டும், கடைக்குப் போகும் முன் தற்காலிகமாகத் திறக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் நின்றவர் வெறும் கையுடன் திரும்ப நேரும். திறப்பதற்கான ஓடிபி அதே கைபேசி எண்ணுக்குத்தான் வருகிறது என்பது இந்த ஏற்பாட்டின் குறை. ஆயினும் ஒரு பூட்டு இருக்கிறது. தொலைத்தொடர்புத் துறையிடம் அதுவும் இல்லை.

சஞ்சார் சாத்தியின் சக்ஷு பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சந்தேகத்துக்குரிய அழைப்பு, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றை அறிவிக்கும் இடம் அது. கேஒய்சி முடியப்போகிறது, இ-சிம்முக்கு மாறுங்கள் என்றெல்லாம் வரும் அழைப்புகளை அங்கே பதிவது பொதுநலத்துக்கு உதவும். பணம் போய்விட்டால் அங்கே புகார் செய்து பயனில்லை. அதற்கு வேறு இடம் இருக்கிறது, பின்னர் சொல்கிறேன்.

இணையதளமா, செயலியா என்ற கேள்விக்கு வருகிறேன். 2025 நவம்பர் இறுதியில், புதிதாக விற்கும் எல்லாக் கைபேசிகளிலும் இந்தச் செயலி முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. கண்காணிப்புக்கு வழிவகுக்கும் என்று நாடாளுமன்றத்திலும் வெளியிலும் எதிர்ப்பு எழுந்ததும், டிசம்பர் 3 அன்று உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே கருதுகிறேன். குடிமகன் தானாக விரும்பி நிறுவிக்கொள்ளும் செயலியும், நீக்க முடியுமா என்பதே தெளிவில்லாமல் கருவியுடன் வரும் அரசுச் செயலியும் ஒன்றல்ல. செயலி ஆண்ட்ராய்டில் அழைப்பு, குறுஞ்செய்தி தொடர்பான அனுமதிகளைக் கேட்கிறது. சந்தேக அழைப்புகளை அழைப்புப் பட்டியலிலிருந்தே நேரடியாகப் புகார் செய்ய அவை தேவைப்படுகின்றன. அடிக்கடி இத்தகைய அழைப்புகளைப் பெறுகிறவருக்கு அந்த வசதி பயன்படலாம். பட்டியலைப் பார்ப்பதும் கைபேசியை முடக்குவதும் மட்டுமே வேண்டும் என்றால் எந்த அனுமதியும் கேட்காத இணையதளமே போதுமானது, என் பரிந்துரையும் அதுவே. தேடுபொறியில் வரும் முதல் இணைப்பை அழுத்தாமல், முகவரி அரசுக்குரிய ஜிஓவி.ஐஎன் (gov.in) என்று முடிகிறதா என்று பார்த்து நுழைய வேண்டும், ஏனென்றால் மக்கள் ஓடிபியைத் தட்டச்சு செய்யும் எந்தத் தளத்துக்கும் போலிகள் முளைக்கும்.

எண்ணுக்குப் பூட்டு இல்லாத நிலையில் நம்மால் செய்யக்கூடியது, அந்த எண்ணை நம்பியிருக்கும் கணக்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான். இதில் முதலிடம் மின்னஞ்சலுக்கு. மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் வழியாக மாற்றிவிட முடியும் என்பதால், அதைப் பாதுகாத்தாலே பாதி வேலை முடிந்தது. கூகுள் கணக்கில், கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கருவியின் கைரேகை அல்லது திரைப்பூட்டால் நுழைய வைக்கும் பாஸ்கீயை அமைத்துவிடலாம், அல்லது ஆத்தென்டிகேட்டர் செயலி தரும் ஆறிலக்க எண்ணை இரண்டாம் கட்டச் சரிபார்ப்பாக வைத்துவிடலாம். இவை கருவிக்குள்ளேயே உருவாகின்றன, சிம்முடன் தொடர்பற்றவை. அதைச் செய்த பிறகு, குறுஞ்செய்தி ஓடிபி என்ற பழைய தெரிவையும் நீக்க வேண்டும். பலர் இந்த இரண்டாவது படியைச் செய்வதில்லை. பலமான கதவு ஒன்றைப் பொருத்திவிட்டுப் பழைய கொல்லைக் கதவைத் திறந்தே வைப்பதற்கு ஒப்பானது அது, ஏனெனில் தாக்குகிறவர் எப்போதும் ‘வேறு வழியில் முயல்க’ என்பதையே அழுத்துவார். கணக்குக்குள் நுழைவதற்கான மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்வதும் அவசியம். கருவி தொலையும்போது சொந்தக் கணக்கே நம்மை வெளியே நிறுத்திவிடக் கூடாது.

வங்கிக் கணக்கில் நமக்கு இருக்கும் தெரிவுகள் குறைவு, ஏனெனில் இன்னும் பெரும்பாலான வங்கிகள் குறுஞ்செய்தி ஓடிபியையே நம்பியிருக்கின்றன. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி அறிவித்த விதிகள் ஓடிபி அல்லாத மற்ற சரிபார்ப்பு முறைகளை வங்கிகள் பயன்படுத்த ஊக்கமளிக்கின்றன. உங்கள் வங்கி அப்படி ஏதேனும் தந்தால் தயங்காமல் மாறிக்கொள்ளுங்கள். அதுவரை இரண்டு காரியங்களைச் செய்யலாம். பணப் பரிமாற்ற அறிவிப்புகள் குறுஞ்செய்தியுடன் மின்னஞ்சலுக்கும் வரும்படி வைத்துக்கொண்டால், சிம் செத்த நிலையிலும் வீட்டு வைஃபை வழியாக எச்சரிக்கை வந்து சேரும். இணையவழிப் பரிமாற்றத்தின் தினசரி வரம்பை உண்மையான தேவைக்கு ஏற்பக் குறைத்து வைத்தால், கணக்கு கைமாறினாலும் இழப்பு ஓர் எல்லைக்குள் நிற்கும்.

சிம்முக்கே பின் (PIN) எனும் ரகசிய எண் போடும் வசதியைச் சிலர் சிம் மாற்று மோசடிக்குத் தீர்வாகச் சொல்கிறார்கள். அது அதற்கான மருந்து அல்ல, ஏனென்றால் புதிய அட்டையில் நம் பின் எண் இருக்காது. திருடிய கைபேசியிலிருந்து சிம்மைக் கழற்றி வேறு கருவியில் போட்டு ஓடிபி வாங்குவதை மட்டுமே அது தடுக்கிறது. கைபேசித் திருட்டில் அப்படித்தான் நடக்கிறது என்பதால், அந்த அளவில் மிகவும் பயனுள்ளது. மூன்று முறை தவறாக இட்டால் சிம் பூட்டிக்கொள்ளும், திறக்க நிறுவனம் தரும் பியூகே என்ற திறப்பு எண் வேண்டும். அதையும் பத்து முறை தவறாக இட்டால் சிம் நிரந்தரமாகப் பயனற்றுப் போகும். ஆகவே நிறுவனம் முதலிலேயே அமைத்திருக்கும் பின் எண்ணைக் கேட்டறிந்த பின்னரே அமைப்பில் கை வைக்க வேண்டும்.

எல்லாம் மீறிப் பணம் போய்விட்டால் அழைக்க வேண்டிய எண் 1930. உள்துறை அமைச்சகத்தின் இணையக் குற்றத் தடுப்பு மையத்தின் கீழ் இயங்கும் இந்தச் சேவை, பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கியுடன் தொடர்புகொண்டு, அது அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் நிறுத்தி வைக்க முயல்கிறது. இங்கே நேரம்தான் எல்லாம் என்பதால், காவல் நிலையத்துக்குப் புறப்படும் முன்பே இந்த அழைப்பைச் செய்துவிட வேண்டும். அதே நாளில் வங்கிக்கு எழுத்து மூலமாகத் தெரிவித்து, புகார் எண்ணைப் பெற வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கை மூலம் கொண்டுவந்த விதி, வங்கியின் பக்கமும் வாடிக்கையாளர் பக்கமும் தவறில்லாமல் மூன்றாம் தரப்பால் நடந்த மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை என்கிறது. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால் கணக்கின் வகைக்கு ஏற்ற வரம்புக்குள் இழப்பை ஏற்க வேண்டும். தெரிவித்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டிய கடமையும், வாடிக்கையாளர் தவறு செய்தார் என்றால் அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் வங்கியுடையவை. ஓடிபி சரியாக இடப்பட்டிருக்கிறது, ஆகவே நீங்கள்தான் பகிர்ந்திருப்பீர்கள் என்று கிளையில் சொன்னால், சிம் மாற்றப்பட்ட தேதியையும் நேரத்தையும் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்கி முன்வைக்க வேண்டும். அந்த ஒரு தாள் முழு வழக்கையும் தாங்கும்.

அதற்கு மேலும் ஒரு வாசல் இருப்பது பலருக்குத் தெரியவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரும் 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் தீர்ப்பு அலுவலர். 2010 ஏப்ரலில், போலி மின்னஞ்சல் வழியாகப் பணம் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் வழங்குமாறு ஒரு தனியார் வங்கிக்கு உத்தரவிட்டவர் தமிழ்நாட்டின் தீர்ப்பு அலுவலர். சிம் மாற்று மோசடியிலேயே, 2021-இல் ராஜஸ்தானின் தீர்ப்பு அலுவலர், சரியாகச் சரிபார்க்காமல் டூப்ளிகேட் சிம்மை வேறொருவருக்கு வழங்கிய தொலைபேசி நிறுவனம் 27 லட்சம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்றார். அந்த வழக்கில் வாடிக்கையாளர் தம் எண் வேலை செய்யவில்லை என்று நிறுவனத்திடம் முறையிட்டு, புதிய சிம்மும் வாங்கியிருந்தார். அது உயிர்பெறுவதற்குக் காத்திருந்த நாட்களில் அவர் கணக்கிலிருந்து 68 லட்சத்துக்கும் மேல் போயிருந்தது. எண்ணுக்குப் பூட்டு வழங்கும் அதிகாரம் தொலைத்தொடர்புத் துறையிடம் இருக்கிறது. அதைப் போடுவதற்கான இடமாகச் சஞ்சார் சாத்தியின் முகப்புப் பக்கத்தைவிடப் பொருத்தமானது வேறில்லை.